வறுமை நோன்பன்று



தவக்காலம் வந்துவிட்டால் ஓர் அறிவுரை எங்கும் ஒலிக்கும்: “துன்பத்தைப் பொறுத்துக்கொள், அது உன் ஆன்மாவைப் புடம்போடும்.” இதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால், இதனை யார் யாரிடம் சொல்கிறார்கள் என்பதே என் கேள்வி.

ஒருமுறை, காலைச் சபைகூடலில் மயங்கி விழுந்த மாணவனிடம் பெரியவர் ஒருவர் இதையே சொன்னார். அவன் நோன்பிருக்கவில்லை. அப்பா சிங்கப்பூர் வேலைக்காக விடியுமுன்னே பாலம் கடந்துவிட்டார். அம்மாவுக்குத் தொழிற்சாலையில் இரவு வேலை. பசியாறக் கொடுக்க வீட்டில் ஆளில்லை. ஜொகூர் பாருவில் இது புதிய கதையன்று.

தட்டில் சோறிருந்தும் வேண்டாமென ஒதுக்குவதே நோன்பு. தட்டே காலியாக இருந்தால் அது நோன்பன்று, வறுமை.

1942-43இல் நம் தோட்டப் பாட்டாளிகளைச் சயாம் மரண இரயில் பாதைக்கு இழுத்துச் சென்றார்கள். பல்லாயிரவர் மாண்டனர். அதனைத் தவம் என்போமா? சுமத்தப்பட்ட துன்பத்திலும் உள்ளம் உயர்ந்தோர் உண்டு. ஆயினும் அது அவர்கள் கூறவேண்டிய சாட்சியம். வயிறு நிறைந்த நாம் வழங்கவேண்டிய உபதேசமன்று.

கத்தோலிக்கத் திருச்சபையின் சட்டமே இதில் தெளிவாக இருக்கிறது. நோன்புக் கடமை 18 வயது நிறைந்தோர்க்கு. புலால் தவிர்க்கும் கடமை 14 வயது நிறைந்தோர்க்கு. நம் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் எவரும் இவற்றில் அடங்கார். எசாயா நூலின் 58ஆம் அதிகாரமோ, பசித்தவனோடு உணவைப் பகிராத நோன்பை நோன்பாகவே ஏற்கவில்லை.

சிலுவைப்பாதையை நினைத்துப் பாருங்கள். ஆறாம் நிலையில் வெரோணிக்கா இயேசுவின் முகத்தைத் துடைக்கிறார். “இத்துன்பம் உமக்கு நன்மை தரும்” என்று போதித்துவிட்டு அவர் நகர்ந்துவிடவில்லை.

செபம், நோன்பு, ஈகை என மூன்றும் இணைந்ததே தவக்காலம். ஈகையை விட்டுவிட்டு நோன்பை மட்டும் பேசுவது, அதுவும் ஏழைப் பிள்ளையிடம் பேசுவது, பெரும் பிழை.

ஆசிரியர்களே, பசியோடு வரும் பிள்ளையைக் கண்டறியுங்கள். அரசின் கூடுதல் உணவுத் திட்டத்தில் அவன் பெயரைச் சேர்க்க முயலுங்கள். பெற்றோர்களே, கேட்பதற்கு வெட்கப்படாதீர்கள். இந்த நாற்பது நாளும் இறைச்சியைத் தவிர்ப்போரே, மிச்சமாகும் பணத்தை ஒரு பிள்ளையின் பசியாறலுக்குக் கொடுங்கள்.

துன்பத்தால் ஆன்மா வளரும் என்று உண்மையாகவே நம்புகிறோமா? அப்படியானால் அத்துன்பத்தை முதலில் நாம் ஏற்போம், பிள்ளைகளுக்குச் சோறிடுவோம்.