வண்டி எந்த வாசலில் நிற்கும்?

பொன்னேரிக் கோர்ட்டிலிருந்து போலீஸ் வண்டியில் ஏறிப் புழலுக்குப் போகிறவர்கள் உண்டு. அங்கே தண்டனைக் கைதிகளுக்கு ஒரு சிறை, விசாரணைக் கைதிகளுக்கு ஒரு சிறை, பெண்களுக்கென்று தனியாக ஒன்று. கைதி ஒரு திருநங்கையாக இருந்தால் வண்டி எந்த வாசலில் நிற்க வேண்டும்?

“இதென்ன பிரமாதம்! உடம்பைப் பார்த்தால் தெரிந்துவிடுகிறது” என்றார் நண்பர் ஒருவர். கண்ணியமான மனிதர்; பென்ஷன் வாங்குகிறவர். பார்க்கப் போவது யார், எந்த அறையில், எத்தனை பேர் முன்னிலையில் என்று அவர் யோசிக்கவில்லை. 2006-ல் சென்னையில், திருட்டுச் சந்தேகத்தில் போலீஸ் ஸ்டேஷனுக்கு இழுக்கப்பட்ட ஓர் அரவாணி, அங்கே பட்ட பாலியல் வதை தாளாமல் தீக்குளித்து மாண்டார். மறு ஆண்டு ஹைகோர்ட் 5 லட்சம் ரூபாய் நஷ்டஈடு கொடுக்கச் சொல்லிற்று. உடம்பைப் பார்க்கிற லட்சணம் இது!

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. தன் பாலை நிர்ணயிக்கும் உரிமை அவரவருக்கே என்று சுப்ரீம் கோர்ட் 2014 ஏப்ரல் 15-ல் தீர்ப்புச் சொன்னது. 2019-ல் பார்லிமெண்ட் ஒரு சட்டம் செய்து, கலெக்டர் கையால் சர்டிபிகேட் தரவும் வழி செய்தது. ஆனால் அதே சட்டம், திருநங்கையைப் பாலியல் வதை செய்தவனுக்கு விதித்த உச்சத் தண்டனை 2 ஆண்டு. பெண்ணைக் கெடுத்தவனுக்குக் குறைந்தபட்சமே 10 ஆண்டு! கையில் காகிதத்தைக் கொடுத்துவிட்டு, மேனியின் விலையை ஐந்திலொன்றாகக் குறைத்த நியாயத்தை நண்பர்தான் விளக்க வேண்டும்.

அப்படியானால் பெண்கள் சிறையிலேயே போட்டுவிடலாமே என்பீர்கள். அங்கேயும் அச்சத்தோடு படுத்திருக்கும் பெண்கள் உண்டு. ஆண் கைதிகளின் பார்வையும் பேச்சும்கூட அவர்களை எட்டக் கூடாதென்றுதான் 1894-ன் சிறைச் சட்டம் மதில் எழுப்பியது. அந்த அச்சத்தைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. 2004-லேயே பால் அங்கீகாரச் சட்டம் கண்ட இங்கிலாந்தில்கூட, சமத்துவச் சட்டத்தில் ‘பெண்’ என்பது பிறப்பால் பெண்ணானவரையே குறிக்கும் என்று 2025 ஏப்ரலில் அதன் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்தச் சண்டையை நாம் கடன் வாங்க வேண்டியதில்லை. இங்கே வேண்டியது தனி வார்டு.

ஆனால் தனி வார்டு என்ற பெயரில் தனிக்கொட்டடி கொடுத்துவிடக் கூடாது. 2022 ஜனவரியில் உள்துறை மாநிலங்களுக்கு எழுதிய கடிதமும் இதைத்தான் எச்சரித்தது. தீர்ப்புப் பெற்ற கொள்ளைக்காரனைக்கூடக் கோர்ட் உத்தரவில்லாமல் தனிமைச் சிறையில் அடைக்க முடியாது. உத்தரவிட்டாலும் ஒரே மூச்சில் 14 நாள், மொத்தம் 3 மாதம், அவ்வளவுதான். குற்றமே நிரூபணமாகாத திருநங்கையை மட்டும் ‘உன் பாதுகாப்புக்காகத்தான் அம்மா’ என்று மாதக்கணக்கில் ஒற்றை அறையில் பூட்டுவதற்கு எந்த நீதிபதி கையெழுத்திட்டார்?

நாலைந்து மாவட்டத்துத் திருநங்கைக் கைதிகளை ஒரே வளாகத்தில் சேர்த்து வைக்கலாம். சோதனை போடுவது ஆணா பெண்ணா என்று அவர்களையே கேட்கலாம். பகலில் நூலகத்தையும் தொழிற்கூடத்தையும் திறந்துவிடலாம். பணமில்லை என்று மட்டும் யாரும் சொல்ல வேண்டாம். மதில் கட்ட சர்க்காருக்கு எவ்வளவு செங்கல் கிடைத்தது என்பதை, புழல் வழியாகப் பஸ்ஸில் போகிற எவரும் பார்க்கலாம்.