கொஞ்சுவது மட்டும் அன்பாகுமா?

நாய், பூனை, மீன், கிளி ஆகியவற்றை வளர்ப்பது நெடுங்காலப் பழக்கம். அண்மைக் காலமாக ஊர்வனவற்றை வளர்க்கும் ஆர்வமும் மலேசிய இளையோரிடம் காணப்படுகிறது. அவற்றுள் பலரையும் கவர்வது ‘லெப்பர்ட் கெக்கோ’ எனப்படும் சிறுத்தைப் பல்லி. மஞ்சள் உடல், கரும்புள்ளிகள், சிரிப்பது போன்ற வாய் என அதன் தோற்றமே அழகு. வீட்டுச் சுவரில் ஓடும் பல்லிக்கு இல்லாத கண்ணிமை இதற்கு உண்டு. கண் சிமிட்டவும் செய்யும். அதைக் கையில் ஏந்திப் படம் எடுத்துச் சமூக ஊடகத்தில் பகிர்வோர் பலர். ஆனால், அந்தச் சிறிய உயிருக்கு வேண்டியது கொஞ்சும் கையா, கவனிக்கும் கண்ணா? கவனிக்கும் கண்ணே என்பதற்கு அதன் வாழ்க்கை முறையே சான்று.

சிறுத்தைப் பல்லியின் தாயகம் ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியா ஆகிய இடங்களில் உள்ள வறண்ட, பாறை நிறைந்த நிலங்கள். பகலில் பாறை இடுக்குகளில் பதுங்கியிருந்து, இருட்டியபின் இரை தேடுவது அதன் இயல்பு. பறவைகளுக்கும் பிற விலங்குகளுக்கும் இரையாகக்கூடிய உயிர் அது. எனவே, திடீரென மேலிருந்து நீளும் மனிதக் கையைக் கண்டாலும் அஞ்சி ஓடுகிறது. அச்சம் மிகும்போது வாலையே உதறிவிடும். அந்த வால்தான் அது கொழுப்பைச் சேமித்து வைக்கும் களஞ்சியம். வால் மீண்டும் வளரும். ஆயினும், பழைய வடிவம் திரும்பாது. ஒரு நொடி ஆசைக்காக வாலைப் பிடித்து இழுப்பவர், அதன் சேமிப்பையே பறித்துவிடுகிறார்.

உண்மையான அன்பு உணவில் தொடங்குகிறது. சிறுத்தைப் பல்லி உயிருள்ள பூச்சிகளையே உண்ணும். சோறு, காய், பழம் ஆகியவை அதற்கு ஒவ்வா. சிள்வண்டும் மாவுப்புழுவும் அதற்கு ஏற்ற உணவு. பூச்சியின் அளவு, பல்லியின் இரு கண்களுக்கு இடைப்பட்ட அகலத்தைவிடப் பெரிதாக இருக்கக்கூடாது. குட்டிக்கு நாள்தோறும் உணவு தேவை. வளர்ந்த பல்லிக்கு இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை போதும். பூச்சிக்கும் முதல் நாளே சத்தான தீனி கொடுக்க வேண்டும். பட்டினி கிடந்த பூச்சியால் பல்லிக்குப் பயன் குறைவு.

பூச்சியின் மேல் சுண்ணாம்புச்சத்துப் பொடியைத் தூவிக் கொடுப்பதும் கட்டாயம். அந்தச் சத்தும் வைட்டமின் டி3-உம் குறைந்தால் எலும்பு மென்மையாகிவிடும், கால்கள் வளையும், தாடை வலுவிழக்கும். இந்நோய் மெல்ல மெல்ல வருவதால் தினமும் கொஞ்சுபவரின் கண்ணுக்கும் தப்பிவிடும். கண்ணுக்குத் தெரியும் வேளையில், வளைந்த எலும்பை முன்போல் நிமிர்த்த இயலாது. ஒரு புட்டிப் பொடியால் தடுக்கக்கூடிய துன்பம் இது.

“மலேசியா வெப்ப நாடுதானே, பல்லிக்கு வேறு சூடு எதற்கு?” என்று சிலர் நினைக்கலாம். உண்ட உணவு செரிக்க அதன் உடலுக்கு நல்ல சூடு வேண்டும். தொட்டியின் ஒரு பக்கத் தரை ஏறத்தாழ 32 பாகை செல்சியசிலும் மறுபக்கம் அதைவிடக் குளிர்ச்சியாகவும் இருந்தால், அது தனக்கு வேண்டிய இடத்தைத் தானே தேர்ந்துகொள்ளும். இரவு முழுவதும் குளிரூட்டி இயங்கும் அறையில், சூடேற்றும் தகடு இல்லாத தொட்டியில் வாழும் பல்லிக்கு உண்ட உணவு எப்படிச் செரிக்கும்?

தொடவே கூடாதென்றால் அது என்ன செல்லப்பிராணி என்று கேட்போரும் உளர். அவர்கள் கேட்பதிலும் நியாயம் உண்டு. மென்மையாகக் கையாளப்பட்டுப் பழகிய பல்லி, தொட்டியைத் துப்புரவு செய்யும்போதும் விலங்கு மருத்துவரிடம் கொண்டு செல்லும்போதும் மிரளாது. ஆனால், தொடுவதற்கும் முறை உண்டு. புதிதாக வந்த பல்லியை முதல் இரண்டு வாரம் தொந்தரவு செய்யாமல் விட வேண்டும். பிறகு, கையைத் தரையில் விரித்து வைத்து, அது தானாக ஏறி வரும்வரை காத்திருக்க வேண்டும். கீழே விழுந்தாலும் அடிபடாதபடி தரையில் அமர்ந்து, சில நிமிடம் மட்டுமே வைத்திருப்பது நல்லது. உணவு உண்ட உடனும் தோல் உரிக்கும் வேளையிலும் தூக்கக்கூடாது. வாலை உயர்த்தி மெல்ல அசைத்தால், ‘நெருங்காதே’ என்று அது எச்சரிப்பதாகப் பொருள். ஊர்வன வழியாகச் சால்மோனெல்லா கிருமி பரவக்கூடும் என்பதால், தொட்டபின் சவர்க்காரமிட்டுக் கை கழுவுவதும் இன்றியமையாதது.

வாங்குவதற்கு முன் சிந்திக்க வேண்டியவை இன்னும் உள்ளன. அண்டை நாடான சிங்கப்பூரில் இப்பல்லியை வீட்டில் வளர்க்கச் சட்டம் இடமளிப்பதில்லை. மலேசியாவில் வாங்க விரும்புவோர், விதிமுறைகளைப் பெர்ஹிலித்தான் அலுவலகத்தில் கேட்டறிவது கடமை. மேலும், நல்ல பராமரிப்பில் சிறுத்தைப் பல்லி 15 முதல் 20 ஆண்டுகள் வரை வாழும். மூன்றாம் படிவ மாணவர் இன்று வாங்கும் குட்டி, அவர் எஸ்.பி.எம். எழுதி, மேற்கல்வி முடித்து, வேலைக்குச் சென்ற பின்னும் அவரை நம்பியே இருக்கும். அந்தப் பொறுப்பைப் பெற்றோர் தலையில் சுமத்துவது முறையன்று.

பல்லி நாயைப் போல ஓடி வந்து வரவேற்காது. பூனையைப் போல மடியில் சுருண்டு படுக்காது. அதன் நலம் பருத்த வாலிலும், தெளிந்த கண்ணிலும், விரல் நுனிவரை முழுதாக உரிந்த தோலிலும்தான் தெரியும். அதைக் கண்டு மகிழத் தெரிந்தவரே அதை வளர்க்கத் தகுதி உடையவர்.