எழுத்தாளர் சந்திப்புக்கு நீங்க ஏற்கெனவே காசு கட்டிட்டீங்க பாஸ்!

சொத்து வரியோடு 10 சதவிகிதம் நூலக வரியும் கட்டுறோம், தெரியுமா? வாடகை வீடுன்னா, ஓனர் அதையும் சேர்த்துத்தான் வாடகை சொல்வார். 1948-ல் வந்த பொது நூலகச் சட்டத்தின் ஏற்பாடு இது. ஆக, கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகமோ, உங்க ஏரியா கிளை நூலக வாசகர் வட்டமோ, அங்கே நடக்கும் எழுத்தாளர் சந்திப்பு 'இலவசம்' இல்லை, உங்க காசு!

ஆனா, முன்வரிசையில் பெரும்பாலும் ரிட்டயர்டு ஆனவங்கதான். 'ரீல்ஸ்ல பார்த்துக்கலாமே'ன்னு தோணலாம். ரீல்ஸில் அவர் பேசுவார். நீங்க கேட்க முடியாது. "அந்தக் கதாபாத்திரத்தை ஏன் சாகடிச்சீங்க?"ன்னு நேரில்தான் மடக்க முடியும்.

சிக்கல் என்னன்னா, வரவேற்புரை, வாழ்த்துரை, பொன்னாடைன்னே நேரம் ஓடிடும். கேள்வி நேரம் வரும்போது 'நேரமின்மை காரணமாக' நன்றியுரை! கேட்க ஆளில்லாத இடத்தில் கேள்வி நேரம்தான் முதலில் காலியாகும். 20 பேர் கேள்வியோடு வந்தா, நிகழ்ச்சி நிரல் தானா மாறும்.

அடுத்த சந்திப்புக்கு முன்னாடி அவரோட ஒரே ஒரு சிறுகதையைப் படிங்க. ஒரு கேள்வி எடுத்துட்டுப் போங்க. கேள்வி மட்டும்... சொற்பொழிவு வேண்டாம்!