விருந்தும் விரியனும்

வெளிநாட்டிலிருந்து உறவினர் வந்திறங்கும் காலத்தில் எம்மவர் இல்லங்களில் நிகழும் மாற்றங்களை வாசகர்கள் நன்கறிவர். அலுமாரியின் அடித்தட்டிலே உறங்கிக் கிடந்த புது விரிப்புகள் வெளியே வரும். நல்ல கட்டில்கள் விருந்தினருக்குப் போய்விடும். வீட்டுக்காரர் பாயைச் சுருட்டிக்கொண்டு விறாந்தைக்குக் குடிபெயர்வார். சென்ற ஆண்டு நல்லூர்த் திருவிழாக் காலத்தில் எமக்கும் அந்நிலையே வாய்த்தது. 1997 ஆம் ஆண்டிலே கனடா சென்ற எம் தமக்கையார், பன்னிரண்டு வயது மகனுடனும் ஒன்பது வயது மகளுடனும் யாழ்ப்பாணம் வந்திருந்தார்.

முதல் இரவே கலவரம் ஆரம்பமாயிற்று. சுவரிலே பல்லி சொல்லிற்று. "மாமா, ஆர் கதவைத் தட்டுறது?" என்று மருமகள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். பல்லியைக் காட்டியதும் அவள் போட்ட கூச்சலில் அயல் வீட்டு விளக்குகளும் எரிந்தன.

மறுநாள் கிணற்றடியிலே நீண்ட சாரையொன்று தோன்றிற்று. அயலவர் இருவர் பொல்லுடன் ஓடி வந்தனர். நாம் இடையிலே புகுந்து, ஆசிரியத் தொழிலுக்கே உரிய பழக்கத்தினால், ஒரு சிறு விரிவுரையும் நிகழ்த்தினோம். சாரைக்கு நஞ்சில்லை, எலிகளைத் தின்று கமக்காரனின் நெல்லைக் காப்பது அது, அதனை அடித்துக் கொல்வது நமக்கு நாமே செய்துகொள்ளும் கேடு என்றோம். பொல்லுகள் தாழ்ந்தன, சாரை வேலிக்குள் மறைந்தது. எமக்கும் சற்றுப் பெருமையாகவே இருந்தது.

ஆயினும் மருமகளின் அச்சம் தணியவில்லை. இரவானதும் நுளம்பு வலையை நாற்புறமும் மெத்தையின் கீழே இறுகச் செருகுவாள். சப்பாத்தை உதறிப் பாராமல் காலை நுழைக்கமாட்டாள். குசினிக்குப் போவதானாலும் கையிலே டோர்ச் லைட் இருக்கவேண்டும். "நாங்கள் இந்த வளவிலை பிறந்து வளர்ந்தனாங்கள், பிள்ளை. ஒரு பாம்பும் எங்களைத் தொடேல்லை" என்று நாம் பகிடி பண்ணினோம். "உவளைப் பேய்க்காட்டாதை, தம்பி" என்று தமக்கையாரும் சிரித்தார்.

ஐந்தாம் நாள் இரவு, நள்ளிரவு கடந்திருக்கும். தண்ணீர் குடிக்க எழுந்த மருமகள் விறாந்தை வாயிலிலே நின்றாள். "மாமா, அசையாதேங்கோ" என்ற அவளது குரலிலே நடுக்கம் இருந்தது. ஆனால் கையிலிருந்த வெளிச்சம் நடுங்கவில்லை. எமது பாயிலிருந்து ஒரு சாண் தூரத்திலே, எண்ணெய் பூசியது போன்ற கரிய உடலில் மெல்லிய வெள்ளைக் கோடுகள் தெரிந்தன. கட்டுவிரியன்! எட்டடி விரியன் என்றும் சிலர் கூறுவர். நாம் மூச்சையும் அடக்கிக் கிடந்தோம். சில கணங்களில் அது படியிறங்கி, முற்றத்தின் ஓரத்தில் நாம் அடுக்கி வைத்திருந்த பனையோலைக் குவியலுக்குள் நுழைந்தது.

அன்று விடியும்வரை எமக்கு உறக்கம் வரவில்லை. அச்சத்திலும் வெட்கமே பெரிதாயிருந்தது. பல ஆண்டுகளுக்கு முன்னர் எம்மிடம் கற்ற மாணவன் ஒருவன், நிலத்திலே படுத்திருந்தவன், நடுச்சாமத்தில் வயிற்றுவலி என்று எழுந்தான். வீட்டார் ஓமத் தண்ணீர் கொடுத்துப் படுக்கவைத்தனர். விடியும்போது அவனுக்குக் கண்ணிமைகள் திறக்க முடியவில்லை. ஆசுபத்திரியை அடையுமுன்பே மூச்சு நின்றுவிட்டது. அவனுடைய ஈமக்கிரியைக்குச் சென்று வந்த நாம், அதே நிலத்திலே பாயை விரித்துப் படுத்துக்கொண்டு, வலை கட்டிய சிறுமியைப் பார்த்துச் சிரித்தோம்.

இளம் வாசகர்கள் ஒன்றை மனத்திற் கொள்ளவேண்டும். கட்டுவிரியன் இரவிலே உலாவுவது. எலியையும் பிற பாம்புகளையும் தேடி வீட்டுக்குள் வரும். உறங்குபவர் புரளும்போது கடித்துவிடும். கடிவாயில் வீக்கமும் நோவும் பெரும்பாலும் இரா. பல்லின் அடையாளமும் தெரியாமற் போகலாம். பின்னர் வயிற்றுவலி தோன்றும், இமைகள் சோரும், மூச்சுவிடும் தசைகளும் செயலிழக்கும். ஆதலால் நிலத்திலே உறங்கியவர் இரவில் இத்தகைய குறிகளுடன் எழுவாராயின் காரணம் தேடிக் காலம் போக்கலாகாது. இறுக்கிக் கட்டுவதும், கீறுவதும், உறிஞ்சுவதும் வேண்டா. உடலை அசையாமல் வைத்து உடனே ஆசுபத்திரிக்குக் கொண்டு செல்லுதலே வழி. அங்கே நஞ்சுமுறி மருந்து உண்டு. மூச்சுத் தளர்ந்தால் தாங்கும் இயந்திரமும் உண்டு. கட்டிலில் உறங்குவதும், வலையைச் செருகுவதும், இரவில் வெளிச்சத்துடன் நடப்பதும் அதனினும் எளிய காவல்கள்.

மறுநாள் வெயில் ஏறியபின் நீண்ட தடியினால் ஓலைக் குவியலைக் கலைத்து அகற்றினோம். விரியனைக் காணவில்லை. அன்று மாலையே கடைத்தெருவுக்குச் சென்று ஒரு மடக்குக் கட்டிலும் இரண்டு வலைகளும் வாங்கினோம். "இப்பவாவது வாங்கினியளே" என்றார் எம் மனைவியார்.

புறப்படும் நாளில் மருமகள் தன் டோர்ச் லைட்டை எமது தலையணைக்கருகில் வைத்துவிட்டு, "மாமா, பற்றரி மாத்த மறக்காதேங்கோ" என்றாள். மாதந்தோறும் மறவாமல் அதனைச் சோதித்து வருகிறோம்.