இறந்தவர் கையெழுத்து

போன வாரம் என் மடிக்கணினி மண்டையைப் போட்டது. ரிப்பேர்க் கடைத் தம்பி பின்மூடியைக் கழற்றி, போர்டின் ஓரத்தில் கருகிப்போன இடத்தைக் காட்டினார். “போர்டு போயிடுச்சு சார். டேட்டா எடுத்துக் குடுத்துடறேன்.”

வயிற்றில் பால் வார்த்தார் என்று வீட்டுக்கு வந்து, புதுக் கணினியில் என் படத்தொகுப்பு மென்பொருளை ஏற்றினேன். காசு கொடுத்து வாங்கியது. ரசீதுகூடப் பத்திரமாக இருக்கிறது. கீயைத் தட்டியதும் பதில் வந்தது: இந்த லைசென்ஸ் ஏற்கெனவே இரண்டு கணினிகளில் இருக்கிறது, ஒன்றில் டீஆக்டிவேட் செய்துவிட்டு வாருங்கள்.

ஒன்று மேசைக் கணினி. இன்னொன்று செத்துப்போனது. டீஆக்டிவேட் பட்டனோ அதற்குள். இறந்தவரே நேரில் வந்து கையெழுத்துப் போட்டால்தான் வாரிசுச் சான்றிதழ் என்கிற கதை.

2001-ல் விண்டோஸ் எக்ஸ்பி வந்தபோதே இந்தக் கூத்து ஆரம்பம். கணினியின் பத்து அம்சங்களை மோப்பம் பிடித்து வைத்துக்கொள்ளும். ஒன்றை மாற்றினால் பேசாமல் இருக்கும். ஒரேயடியாகப் பலதை மாற்றினால், யாரப்பா நீ என்று கேட்கும். நெட் இல்லாதவர்கள் போனில் 50 இலக்கங்களை ஒப்பித்து, பதிலுக்கு 42 இலக்கங்களை எழுதிக்கொள்ள வேண்டும்.

அதற்கும் முந்தைய டிடிபி கடைகளில் டாங்கிள் இருந்தது. பிரின்டர் போர்ட்டில் செருகும் சின்னக் கட்டை. தொலைத்தால் தொலைந்ததுதான். ஆனால் கணினி செத்தால் பிடுங்கி அடுத்ததில் செருகலாம், யாரையும் கேட்க வேண்டியதில்லை. லைசென்ஸ் நம் சட்டைப் பையில் இருந்தது. இப்போது அது யாருடைய சர்வரிலோ இருக்கிறது. அந்த சர்வருக்கும் ஆயுள் உண்டு: 2005-ல் வெளியிட்ட சிஎஸ்2 மென்பொருள்களுக்கான ஆக்டிவேஷன் சர்வரை 2012 டிசம்பரில் அடோபி நிறுத்தியது. வாங்கியவர்களுக்கு ஆக்டிவேஷன் தேவைப்படாத பிரதியைக் கொடுத்தது, நல்ல காரியம். எல்லாரும் கொடுப்பார்களா?

“ஏன் சார் கஷ்டப்படுறீங்க, கிராக் போட்டுத் தரேன், அது ஒண்ணும் கேக்காது” என்றார் தம்பி. ரசீது வைத்திருப்பவனுக்குத்தான் விசாரணை.

மூன்றாம் நாள் கஸ்டமர் கேரிலிருந்து மெயில். பழைய கணினியை நீக்கிவிட்டார்களாம். இந்தச் சலுகை ஒரே ஒரு முறைதானாம்.

மேசைக் கணினிக்கு வயது ஒன்பது. நேற்று இரவு அதில் டீஆக்டிவேட் செய்துவிட்டுத்தான் படுக்கப் போனேன்.