நோட்டுப் புத்தகம் பத்திரம்!

2022 பிப்ரவரியில் சென்னை மாநகராட்சித் தேர்தல் நடந்ததல்லவா? என் சிநேகிதி ஒருத்தி, தன் வார்டில் நின்ற பெண் வேட்பாளருக்காகத் தொண்டு செய்தாள். (பெண்களுக்குப் பாதி இடம் என்று 2016-லேயே சட்டம் வந்தாயிற்றே!) ஒரு நாள் நானும் கூடப் போனேன்.

காலை ஆறு மணிக்கே வாக்காளர் பட்டியலைத் தெருவாரியாகப் பிரித்து வைத்துவிட்டாள். பிறகு, ஒரு கையில் நோட்டீஸ் கட்டு, மறு கையில் நோட்டுப் புத்தகம். மாடிப்படி ஏறி இறங்கி எனக்கு முழங்கால் விட்டே போயிற்று!

ஒரு பாட்டி நோட்டீஸை வாங்கவே இல்லை. "ஏம்மா, 2011-லே வந்தவங்களும் சாக்கடையைச் சரி பண்றோம்னுதான் சொன்னாங்க. பத்து வருஷத்துக்கு மேலே ஆச்சு!" என்றாள். சிநேகிதி எதிர்வாதம் செய்யவில்லை. கதவு எண்ணோடு நோட்டில் குறித்துக்கொண்டாள்.

இரவு, "இன்றைக்கு எத்தனை ஓட்டு சேர்த்தாய்?" என்று கேட்டேன்.

"ஓட்டு தெரியாது. சாக்கடை ஏழு, தெருவிளக்கு நாலு, குப்பைத் தொட்டி மூன்று" என்றாள்.

நம் வாசற்படிக்கு மிக அருகில் இருக்கும் சர்க்கார் மாநகராட்சிதான். அடுத்த முறை யாராவது ஓட்டுக் கேட்டு வந்தால், நோட்டுப் புத்தகம் இருக்கிறதா என்று கேளுங்கள். தேர்தல் முடிந்ததும் அதைப் பழைய பேப்பர்க்காரரிடம் போட்டுவிட மாட்டீர்களே என்றும் கேளுங்கள்!