சுவரில் இல்லாதவர்கள்

எங்கள் கடையில் அதிகம் விலைபோகும் ஓவியம் ஆடுதான். கறுத்த மூக்கு, சுருண்ட கம்பளி, பின்னால் ஒரு கல்சுவர், மேலே எந்த நிமிடமும் மழை கொட்டப்போகிற வானம். அதற்கு அடுத்தபடி ஆற்றுப் பாலம். மூன்றாவது, கடற்கரையில் வரிசையாக நிற்கும் வண்ணமடித்த மரக் குடில்கள். கண்காட்சிக்குப் படம் கொண்டுவருகிறவர்களிடம் இந்த ரகசியத்தைச் சொல்வதில்லை. சொன்னால் அடுத்த முறை சுவர் முழுக்க மந்தைதான்.

கடை என்றால், நான் சனிக்கிழமைகளில் சம்பளமில்லாமல் வேலை பார்க்கும் தொண்டுக் கடை. இங்கிலாந்தின் எந்தச் சிறுநகரத்துக் கடைத்தெருவிலும் இப்படி நாலைந்து இருக்கும். வீட்டில் வேண்டாத துணி, புத்தகம், கோப்பை, பொம்மை என்று ஜனங்கள் மூட்டை கட்டிக் கொண்டுவந்து போடுவார்கள். பின்னறையில் பிரித்து, நீராவியில் சுருக்கம் எடுத்து, கிம்பிள் துப்பாக்கியால் விலைச்சீட்டைக் குத்தி முன்னால் மாட்டுவோம். வரும் பணம் ஏதோ ஒரு தூரதேசத்தில் பஞ்சத்துக்கோ வெள்ளத்துக்கோ கிணற்றுக்கோ போகும். மேல்தளத்தில் புத்தகங்களுக்கு மேலே வெறுமையாகக் கிடந்த சுவரை உள்ளூர் ஓவியர்களுக்குக் கொடுக்கத் தொடங்கியது எங்கள் மேலாளரின் யோசனை. இப்போது ஆண்டுக்குச் சில கண்காட்சிகள் நடக்கின்றன. ஆரஞ்சுச் சாறும் மலிவான ஒயினும் வைத்து வெள்ளிக்கிழமை மாலை திறப்பு விழா.

படம் மாட்டுகிற நாள் எனக்குப் பிடித்த நாள். கூரைக்குக் கொஞ்சம் கீழே ஓடும் மரச்சட்டத்தில் கொக்கியை மாட்டி, கம்பியை இறக்கி, ஒருவர் ஏணியில் நின்று பிடிக்க, இன்னொருவர் அறையின் மறுகோடியிலிருந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு "இடது பக்கம் ஒரு நூல் இறக்கு" என்பார். படத்தின் நடு, பார்க்கிறவர் கண்ணுக்கு நேராக வரவேண்டும். மேலாளர் உயரமானவர், நான் குள்ளம். எந்தக் கண் என்பதில் ஒவ்வொரு முறையும் தகராறு. விற்றுப்போன படத்தின் பெயர்ச்சீட்டில் சின்னச் சிவப்புப் பொட்டு ஒட்டுவது உலகம் முழுக்க உள்ள வழக்கம். முதல் பொட்டு விழும்வரை யாரும் பணப்பையைத் தொடமாட்டார்கள். இரண்டாவது பொட்டுக்கு முதல் பொட்டுதான் தரகர்.

பிரிட்டிஷ் வரிச் சட்டம் இதில் செய்யும் ஒரு வேடிக்கையையும் சொல்லவேண்டும். நீங்கள் இங்கே வருமானவரி கட்டுகிறவராக இருந்து, கொடுக்கும் பொருளோடு ஒரு படிவத்திலும் கையெழுத்துப் போட்டால், சட்டப்படி அந்தப் பொருள் இன்னும் உங்களுடையதுதான். கடை உங்கள் முகவராக நின்று அதை விற்றுத் தருகிறது. விற்றபின் 'உங்கள் பொருளுக்கு இவ்வளவு கிடைத்தது, இந்தப் பணத்தை எங்களுக்குத் தர இன்னும் சம்மதம்தானே?' என்று கேட்டுக் கடிதம் போகும். நீங்கள் சும்மா இருந்தால் அது நன்கொடை. அரசு தன் பங்காக ஒரு பவுண்டுக்கு 25 பென்ஸ் சேர்த்துத் தரும். 100 பவுண்டுக்குப் போன படம் 125 ஆகிவிடும். இதற்குப் பெயர் 'கிஃப்ட் எய்ட்'. வரித்துறையிலிருந்து வரும் பணத்துக்கு இத்தனை இனிப்பான பெயரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

போன கண்காட்சிக்கு முன்னால், புதிதாகச் சேர்ந்த ஒரு கல்லூரிப் பெண் ஒரு யோசனை சொன்னாள். ஆடுகளுக்கும் பாலங்களுக்கும் நடுவே, பஞ்சத்தில் வாடும் ஒரு குழந்தையின் பெரிய புகைப்படம் வைக்கலாமே, பணம் எதற்குப் போகிறது என்று வருகிறவர்களுக்குத் தெரியவேண்டாமா என்றாள். நியாயமான கேள்விதான். மேலாளர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். காரணம் கேட்டதற்கு, ஒயின் குடிக்கிற இடத்தில் அது நன்றாக இருக்காது என்றார். முடிவு சரி, சொன்ன காரணம்தான் சரியில்லை என்று எனக்குப் பட்டது.

இந்தத் தகராறுக்கு நூறு வயதுக்கு மேல் ஆகிறது. முதல் உலகப்போர் முடிந்தபிறகும் பிரிட்டனும் நேச நாடுகளும் கடல் முற்றுகையை உடனே விலக்கவில்லை. ஆஸ்திரியாவிலும் ஜெர்மனியிலும் குழந்தைகள் பட்டினி கிடந்தன. 1919இல் எக்லன்டைன் ஜெப் என்ற பெண்மணி லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் துண்டறிக்கை விநியோகித்ததற்காகக் கைதானார். அதில் இருந்தது எலும்பும் தோலுமான ஓர் ஆஸ்திரியக் குழந்தையின் படம். நீதிமன்றம் 5 பவுண்டு அபராதம் போட்டது. அவருக்கு எதிராக வாதாடிய அரசு வழக்கறிஞரே அந்த 5 பவுண்டைத் தன் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். 'சேவ் த சில்ட்ரன்' அமைப்பு அந்த ஆண்டுதான் பிறந்தது. ஆக, பசித்த முகத்தைக் காட்டிப் பணம் கேட்பது எந்த விளம்பரக் கம்பெனியும் கண்டுபிடித்த தந்திரமல்ல. சிறைக்குப் போகவும் தயாராக இருந்த ஒருத்தி, எதிரி நாட்டுப் பிள்ளையையும் பிள்ளையாகப் பார்க்கச் சொல்லி எடுத்த ஆயுதம் அது.

ஆனால் அடுத்த ஆண்டே, 1920இல், அதே வேலைக்காக லண்டனில் முற்றிலும் வேறுமாதிரி ஒரு காரியம் நடந்தது. வியன்னாவில் ஃபிரான்ஸ் சிஷெக் என்ற ஆசிரியர் குழந்தைகளுக்கு ஓவிய வகுப்பு நடத்திவந்தார். 'இப்படி வரை' என்று சொல்லிக்கொடுக்காமல் பிள்ளைகளைத் தம் போக்கில் வரையவிட்டதுதான் அவர் பெருமை. நிவாரணப் பணிக்காக வியன்னா போயிருந்த ஃபிரான்செஸ்கா வில்சன் என்ற ஆங்கிலேயப் பெண் அந்தப் படங்களைப் பார்த்தார். லண்டனுக்குக் கொண்டுவந்து கண்காட்சி வைக்க முன்னின்றார். அது பிரிட்டனின் பல ஊர்களைச் சுற்றியது. அச்சுப் படங்களும் அஞ்சலட்டைகளும் விற்ற பணம் சேவ் த சில்ட்ரனுக்குப் போனது.

அந்தப் படங்களில் பட்டினி இல்லை. கொழுத்த நிறங்கள்தான் இருந்தன. திருவிழா, பண்ணை, பூ, குதிரை, குளிர்காலத்துச் சறுக்கல். ரேஷன் ரொட்டிக்கு நின்ற ஊரின் பிள்ளைகள் வரைந்தவை. பார்த்தவர்கள் பரிதாபப்படவில்லை, அசந்துபோனார்கள். ஓவியக் கல்வி பற்றிய பிரிட்டிஷ் ஆசிரியர்களின் நினைப்பையே அந்தக் கண்காட்சி மாற்றியது என்று எழுதியிருக்கிறார்கள். பணம் கொடுத்தவன் கையில் ஒரு பொருளும் கிடைத்தது. தோற்ற நாட்டின் குழந்தை, கையேந்துகிறவனாக இல்லாமல் கைவேலைக்காரனாக ஆங்கிலேயன் வீட்டுச் சுவரில் ஏறினான்.

ஜெப் செய்தது தவறு, வில்சன் செய்தது சரி என்று நான் தீர்ப்பெழுதவில்லை. துண்டறிக்கை இல்லாமல் அந்தக் கண்காட்சிக்குக் கூட்டம் வந்திருக்காது என்றுதான் தோன்றுகிறது. படம் யாருக்காக, எதற்காக என்பதும் இருக்கிறது. 1943 வங்கப் பஞ்சத்தின்போது சித்தப்ரொசாத் என்ற ஓவியர் மிட்னாபூர் முழுக்க நடந்து பிணங்களையும் எலும்புக்கூடான மனிதர்களையும் கறுப்பு மையில் வரைந்தார். அவர் யாரிடமும் காசு கேட்கவில்லை, குற்றம் சாட்டினார். பிரிட்டிஷ் அரசு அவருடைய 'ஹங்ரி பெங்கால்' நூலின் பிரதிகளைப் பறித்து அழித்தது. நன்கொடைப் பெட்டிமேல் ஒட்டும் படத்தை எந்த அரசும் பறிமுதல் செய்வதில்லை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது.

1984இல் எத்தியோப்பியப் பஞ்சத்தின் காட்சிகள் பிபிசியில் வந்தபோது பணம் மழையாகக் கொட்டியது. ஆனால் அதன்பிறகு பல ஆண்டுகளுக்கு, ஆப்பிரிக்கா என்றாலே ஈ மொய்க்கும் முகம்தான் என்று இங்கே ஒரு தலைமுறைக்குப் பதிந்துபோனது. 1989இல் ஐரோப்பியத் தொண்டு நிறுவனங்கள் கூடி, இப்படிப்பட்ட படங்களைப் பயன்படுத்துவதற்கு ஒரு நடத்தை நெறியே எழுதவேண்டி வந்தது.

எங்கள் கடைக்கு அடிக்கடி வரும் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் இருக்கிறார். நல்ல புடவைகளாகக் கொண்டுவந்து கொடுப்பார். அவற்றை வெள்ளைக்காரப் பெண்கள் ஜன்னல் திரைக்கு வாங்கிப்போவதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வார். கல்லூரிப் பெண்ணின் யோசனையை அவரிடம் சொன்னேன். சிரித்துக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். "தம்பி, 2009இல எங்கட சனம் முகாமுக்க கிடந்தது. என்ர மச்சாள் தட்டோட வரிசையில நிண்ட படத்தை இஞ்ச ஒரு நோட்டீசில கண்டனான். காசு சேர்ந்திருக்கும். அவளிட்ட ஆரும் கேட்டவையோ?" என்றார். அதற்குமேல் பேசவில்லை, புடவை மூட்டையை மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

எனக்கும் ஒரு காட்சி மனதில் உண்டு. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் போனவர்கள் அந்தத் துணிக் குவியல்களை மறந்திருக்கமாட்டார்கள். ஆறாயிரத்துக்கும் மேல் உயிர்களைக் கடலுக்குக் கொடுத்த மாவட்டம். லாரி லாரியாக வந்த பழைய துணி சாலையோரம் மலையாகக் கிடந்து மழையில் நனைந்தது. கம்பளிக் கோட்டும் கிழிந்த கால்சட்டையும் வைத்துக்கொண்டு மீனவர் என்ன செய்வார்? அதற்கு முந்தின வாரம் வரை சொந்தப் படகும் வலையும் வைத்திருந்தவர்கள், யாரோ உடுத்திக் கழித்ததைத் தொடவில்லை. அந்தத் துணியை அதனதன் ஊரிலேயே விற்றுப் பணமாக அனுப்பியிருந்தால் உருப்படியாக ஏதாவது நடந்திருக்கும். அதே சுனாமிக்காக பிரிட்டனின் பேரிடர் அவசரக் குழு திரட்டிய 392 மில்லியன் பவுண்டு பணமாகத்தான் போனது.

கொடுப்பவர் வீட்டுப் பொருளை வாங்குகிறவர் வீட்டுக்கு அனுப்பாதே, இங்கேயே காசாக்கு என்பதுதான் தொண்டுக் கடையின் மூளை. ஆக்ஸ்ஃபாம் என்ற தொண்டு நிறுவனம் 1942இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு தேவாலயத்தில் கூடிய குழுவாகத்தான் தொடங்கியது. நாஜிகள் பிடித்துவைத்திருந்த கிரேக்கத்தில் மக்கள் பட்டினியில் செத்துக்கொண்டிருந்தார்கள். நேச நாடுகளின் முற்றுகையைத் தாண்டி உணவை விடச் சொல்லி பிரிட்டிஷ் அரசையே கேட்ட குழு அது. போர் முடிந்தபின் ஜனங்கள் கொண்டுவந்து குவித்ததை விற்க பிராட் ஸ்ட்ரீட்டில் 17ஆம் எண் கட்டடத்தில் கடை போட்டார்கள். கடை இன்றும் அங்கேயே இருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டு போகிறவர்கள் கல்லூரிகளைப் பார்த்து முடித்தபின் நுழைந்து பார்க்கலாம், கூட்டம் குறைவு.

பிரிட்டன் தன் தேசிய வருமானத்தில் 0.7 விழுக்காட்டை வெளிநாட்டு உதவிக்கு ஒதுக்கவேண்டும் என்று 2015இல் சட்டமே போட்டது. 2021இல் அது 0.5 ஆனது. 2027க்குள் 0.3 ஆகும் என்று 2025 பிப்ரவரியில் பிரதமர் அறிவித்தார், ராணுவச் செலவுக்காக. எங்கள் சுவர் மொத்தமும் சிவப்புப் பொட்டாக நிறைந்தாலும் இந்தப் பள்ளத்தின் ஓரத்தில் ஒரு கைப்பிடி மண்கூட விழாது. திறப்பு விழாவில் யாராவது 'நாம் உலகை மாற்றுகிறோம்' என்று பேசத் தொடங்கும்போது நான் புத்தக அலமாரிப் பக்கம் நகர்ந்துவிடுவேன்.

ஆனால் ஒரு விஷயத்தில் மேலாளரோடு இன்னும் மல்லுக்கு நிற்கிறேன். முதலில் நடந்த கண்காட்சிகளில் படம் விற்ற பணம் முழுவதும் கடைக்கே என்று வைத்திருந்தோம். ஓவியர்கள் தலையாட்டினார்கள், வேறென்ன செய்வார்கள்? தருமகாரியம் என்றால் எல்லோரும் முதலில் ஓவியரிடமும் பாட்டுக்காரரிடமும்தான் போய் நிற்கிறோம். கடையின் குழாய் ஒழுகியபோது வந்த பிளம்பரிடம் பஞ்சத்தைச் சொல்லி யாரும் காசு குறைக்கவில்லை. வண்ணத்துக்கும் கித்தானுக்கும் கண்ணாடிக்கும் ஓவியர் தன் கையிலிருந்துதான் செலவழித்திருப்பார். ஆட்டை விற்று அவர் அடுத்த ஆட்டுக்கு வண்ணம் வாங்கமுடியவில்லை என்றால், நாம் ஒரு வறுமையை எடுத்து இன்னொன்றில் ஒட்டுப்போடுகிறோம்.

கடைசியில் ஒரு சமாதானத்துக்கு வந்தோம். எத்தனை விழுக்காடு கடைக்கு என்பதை ஓவியரே நிரப்பட்டும் என்று படிவத்தில் ஒரு காலிக் கட்டம் விட்டிருக்கிறோம். அடுத்த கண்காட்சிக்கு வந்த படிவங்களில் பெரும்பாலானவர்கள் 100 என்றே எழுதியிருக்கிறார்கள், மற்றவர்கள் என்ன நினைப்பார்களோ என்ற பயத்தில்தான் இருக்கும். ஒரே ஒரு கிழவர் மட்டும் 'மரச்சட்டம் போட்ட கூலி போக 50' என்று பென்சிலால் எழுதி, அடியில் கோடும் போட்டிருக்கிறார். மாடிப்படி ஏறியதும் கண்ணில் படும் நடுச்சுவரை அவருக்குக் கொடுக்கவேண்டும் என்பது என் கட்சி. மேலாளர் இன்னும் பதில் சொல்லவில்லை.